முந்திக் குடிக்கும் புல்

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்கு அடிவாரக் குன்றுகளிலும் கடலோர மலைகளிலும் நீல ஓக் என்றொரு மரம் வளர்கிறது. கலிபோர்னியாவுக்கு வெளியே உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் இது. சாம்பல் பூத்த நீலப்பச்சை இலை, வெளிறிய சொரசொரப்பான பட்டை, அவசரமில்லாத வளர்ச்சி. நானூறு வயதைத் தாண்டிய மரங்களும் இவற்றில் உண்டு. இதன் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று 1960களில் ஆராய்ந்தவர்கள், பாறைப் பிளவுகளின் வழியே இறங்கி 20 மீட்டருக்கும் கீழே கிடக்கும் நிலத்தடி நீரை அது உறிஞ்சுவதைக் கண்டார்கள். ஐந்தாறு மாதம் மழையே இல்லாத கோடையை ஆண்டுதோறும் அது தாங்கி நிற்பது இந்த வேரின் பலத்தில்தான்.

இதே மரத்தின் நாற்று, புல்வேர் அடர்ந்த மேல்மண்ணைத் தாண்ட முடியாமல் செத்துப்போகிறது. பெரும்பாலான புல்வேர்கள் இருப்பது முதல் 30 சென்டிமீட்டரில். இருபது மீட்டர் இறங்கக்கூடிய மரத்துக்கு முழங்கை நீள மண் தடையாக இருக்கிறது.

பல நீல ஓக் தோப்புகளில் இது கண்ணுக்கே தெரியும். நூறு வயதைத் தாண்டிய மரங்கள் நிறைய நிற்கும். அவற்றுக்கடியில் ஓக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும். முளைத்து நாலைந்து இலை விட்ட நாற்றுகளையும் பார்க்கலாம். ஆளுயர இளமரத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். விதைக்கும் குறைவில்லை, முளைப்புக்கும் குறைவில்லை. முளைத்தது மரமாவதில்லை, அவ்வளவுதான். தாத்தாக்கள் மட்டும் வாழும் ஊர் எவ்வளவு நாள் ஊராக இருக்கும்?

முதலில் சந்தேகப்பட்டது மாடுகளை. அது நியாயமான சந்தேகம். மாடு நாற்றை மேய்கிறது, மிதிக்கிறது. மான் கடிக்கிறது. வெட்டுக்கிளிகள் கோடையில் இலையை மொட்டையடிக்கின்றன. கோஃபர் எனப்படும் வளைதோண்டும் கொறிவிலங்கு அடியிலிருந்து வேரைத் தின்றுவிடுகிறது. இவை எல்லாமே உண்மை. ஆனால் கார்மல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹேஸ்டிங்ஸ் ஆய்வுக்காடு இருக்கிறது. 1937இல் அது தொடங்கப்பட்டபோதே மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. ஜேம்ஸ் கிரிஃபின் என்ற தாவரவியலாளர் அங்கே ஓக் நாற்றுகளின் பிழைப்பைப் பின்தொடர்ந்து 1971இல் எழுதிய ஆய்வு இன்றும் இத்துறையில் தொடக்கப் பாடமாக இருக்கிறது. மாடு வெளியேறி ஒரு தலைமுறை கடந்த பிறகும் அங்கே புதிய நீல ஓக் மரங்கள் அரிதாகவே இருந்தன. மாட்டை விரட்டியதால் பலன் கண்டது முதலில் புல்தான். அது இடுப்புயரம் வளர்ந்தது.

அந்தப் புல் அந்த மண்ணுக்குப் பழையதல்ல. கலிபோர்னியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் பொன்னிறக் குன்றுகளைப் பாடாமல் விடுவதில்லை. அந்தப் பொன்னிறம் வந்தேறிப் புல் காய்ந்த நிறம். 1769இல் சான் டியேகோவில் ஸ்பானியப் பாதிரிமார்களின் முதல் குடியிருப்பு அமைந்தது. அவர்களோடு மாடும் ஆடும் வந்தன. தீவனத்திலும் ரோமத்திலும் தானிய மூட்டையிலும் மத்தியதரைக் கடல் நாடுகளின் புல்விதைகள் வந்தன. அந்தக் காலக் கட்டடங்களின் சுடாத மண்கற்களை ஜார்ஜ் ஹெண்ட்ரி என்ற வேளாண் அறிஞர் கரைத்துப் பார்த்து 1931இல் எழுதினார். மண்ணைப் பிசைகையில் சேர்த்த வைக்கோலோடு ஐரோப்பியக் களைகளின் விதைகளும் தண்டுத் துணுக்குகளும் சுவருக்குள் அப்படியே இருந்தன. ஒரு நிலத்தின் தாவர வரலாற்றை அதன் வீட்டுச் சுவர் காப்பாற்றி வைத்திருந்தது. காட்டு ஓட்ஸ், புரோம் வகைகள், இத்தாலிய ரைப்புல் ஆகியவை ஆண்டு முழுதும் நிற்கும் உள்ளூர்ப் புற்களின் இடத்தைப் பிடித்தன. 1849க்குப் பின் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்கு இறைச்சி வேண்டியிருந்தது; மந்தைகள் பெருகின. 1862 முதல் 1864 வரை நீடித்த வறட்சியில் மிச்சமிருந்த உள்ளூர்ப் புல்லையும் பட்டினி மாடுகள் மொட்டையடித்தன. இன்று அந்தச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் நிற்கும் புல்லில் மிகப் பெரும்பகுதி வந்தேறிகளே.

புல்லுக்குப் பதில் வேறொரு புல் வந்தது, அதனால் மரத்துக்கு என்ன என்று கேட்கலாம். நானும் இந்தக் கேள்வியை லேசாக விட மாட்டேன், ஏனென்றால் விடை முழுவதும் இதில்தான் இருக்கிறது. வந்த புல் ஒருபருவப் புல். போன புல் பல்லாண்டுப் புல். இரண்டும் நீர் குடிக்கின்றன. குடிக்கும் மாதம் வேறு.

ஒரு கொட்டையின் ஆண்டைப் பார்ப்போம். செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் அது உதிர்கிறது. முதல் மழை நனைத்ததும் கூரான முனை வெடித்து, வெள்ளை வேர் ஒன்று மண்ணைத் துளைத்து இறங்கத் தொடங்குகிறது. தண்டு இப்போது வராது. குளிர்காலம் முழுக்க, கொட்டைக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்து ஆணிவேர் மட்டும் கீழே போய்க்கொண்டே இருக்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஏப்ரலிலோதான் செந்நிறத் தளிர் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். மண்ணைத் தோண்டிப் பார்க்கிறவருக்கு வியப்பாக இருக்கும்: மேலே விரல் நீளம்கூட இல்லாத தண்டு, கீழே அதைப்போல் பல மடங்கு நீள வேர். முதலில் கீழே வேர்பிடித்துவிட்டு, பிறகு மேலே தலைகாட்டும் மரம் இது. கோடை வறண்ட நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தந்திரம் கிடையாது.

அதே முதல் மழையில் ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கான புல்விதைகளும் முளைக்கின்றன. குளிர் மாதங்களில் அவையும் விரல் உயரத்தில் சும்மா இருப்பதுபோல் தோன்றும். அடியில் சல்லிவேர் பின்னிக்கொண்டிருக்கும். மார்ச்சில் வெயில் ஏறியதும் புல் கிடுகிடுவென வளர்கிறது. ஏப்ரலில் கதிர் வாங்கி, மே மாதம் விதை உதிர்த்து, காய்ந்து சாகிறது. எதையும் அடுத்த ஆண்டுக்கு என்று மிச்சம் வைக்க அதற்கு அவசியமில்லை. மண்ணில் இருக்கும் ஈரத்தையெல்லாம் விதையாக மாற்றிவிட்டால் அதன் வாழ்க்கை முடிந்தது. இந்தக் கடைசிக் குடி நடக்கும் வாரங்களும் ஓக் தளிர் முதல் இலையை விரிக்கும் வாரங்களும் ஒன்றே. புல் செத்த பிறகு ஓக் நாற்று ஐந்து மாதம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு மண்ணில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதைச் சற்றுத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். காய்ந்ததாகத் தெரியும் மண்ணிலும் நீர் இருக்கும். மண் துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மண் உலர உலரப் படலம் மெலிகிறது, பிடி இறுகுகிறது. பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடிப்போகும் நிலையில், அந்த நீரைப் பிரித்தெடுக்க சுமார் 15 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான உறிஞ்சுவிசை தேவை. கார் டயருக்குள் நாம் அடைக்கும் காற்று ஏறத்தாழ 2 வளிமண்டலம். ஓக் நாற்று இந்தப் பிடியை எதிர்த்து இழுக்க முயலும். முடியாதபோது இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் நீர் இழப்பு நிற்கும், அதோடு கரியமில வாயு வருவதும் நிற்கும், உணவு ஆக்குவதும் நிற்கும். வேரை நீட்டக் காசில்லாமல் போகும். வேர் நீளாவிட்டால் ஈரமுள்ள ஆழம் எட்டாது. நாற்று சாவது தாகத்தால் என்றாலும், அதைச் சாகடிப்பது வேர் வளர்வதற்குக் கிடைக்காமல் போன அந்தச் சில வாரங்கள்.

1980களின் கடைசியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை ஆழமான பெட்டிகளில் சோதித்துப் பார்த்தார்கள். டோரியா கார்டன், கெவின் ரைஸ் முதலியோர் செய்து 1989இல் வெளியான சோதனை அது. ஓக் கொட்டைகளை ஒருபுறம் புரோம் புல்லோடும், இன்னொருபுறம் எரோடியம் என்ற அகன்ற இலைக் களையோடும், வேறுபட்ட நெருக்கத்தில் விதைத்தார்கள். மண் எவ்வளவு வேகமாக உலர்கிறதோ அந்த அளவுக்கு ஓக்கின் வேர் மந்தமானது. தண்டு வெளியே வந்த நாற்றுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. புரோம் புல்லின் பக்கத்து மண் வேகமாக உலர்ந்தது. அண்டை வீட்டுக்காரன் யார், எத்தனை பேர் என்பதைவிட அவன் எப்போது, எவ்வளவு வேகமாகக் குடிக்கிறான் என்பதே நாற்றின் கதியைத் தீர்மானித்தது. பள்ளத்தாக்கு ஓக் என்ற உறவுமரத்தை வைத்துப் பின்னர் நடந்த சோதனையிலும், காட்டு ஓட்ஸோடு வளர்ந்த நாற்றுகள் உள்ளூர் ஊசிப்புல்லோடு வளர்ந்தவற்றைவிடப் பின்தங்கின. ஊசிப்புல் குத்துக் குத்தாக, இடைவெளி விட்டு வளர்வது. அதன் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். கோடைக்குள்ளும் நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கும். அதுவும் ஓக்கின் நண்பன் அல்ல. ஆனால் வசந்தத்தில் சில வாரங்களை அது விட்டுவைக்கும்.

புல் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாடு, மான், கோஃபர், காட்டுத்தீயை அடக்கியது என எல்லாம் சேர்ந்துதான் நாற்றுகளை அழித்தன. ஆனால் மற்ற எதிரிகளிடமிருந்து தப்பிக்க நாற்றுக்கு ஒரே வழி விரைவில் உயர்வது. அந்த வழியைப் புல் அடைக்கிறது. மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தை ஐந்து ஆண்டில் அடைய வேண்டியது இருபது ஆண்டு எடுத்துக்கொண்டால், அந்த இருபது ஆண்டும் அது மாட்டின் வாய்க்கு முன்னால் நிற்கிறது.

வளர்ந்த மரம் இதிலிருந்து முழுக்க விடுபட்டுவிடுகிறதா? அப்படித்தான் வெகுகாலம் நம்பினார்கள். ஹைன்ரிஷ் வால்டர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் சவன்னாக்களைப் பார்த்து, புல் மேல்மண் நீரையும் மரம் ஆழ்மண் நீரையும் எடுத்துக்கொள்வதால் இரண்டும் சேர்ந்து வாழ்கின்றன என்ற விளக்கத்தை 1939இல் முன்வைத்தார். அழகான பாகப்பிரிவினை அது; பாடநூல்களில் நிலைத்துவிட்டது. கென்யாவின் லைகிபியா மேட்டுநிலத்தில் கொரின்னா ரிகினோஸ் அதைக் களத்தில் உரசிப் பார்த்தார். கரிசல் மண்ணில் வளரும் ஒரு முள்வேல மரத்தைச் சுற்றியிருந்த புல்லை அகற்றியபோது, நாற்று மட்டுமல்ல, வளர்ந்த மரங்களும் வேகமாக வளர்ந்தன. 2009இல் வெளியான அந்த முடிவு சொல்வது இது: புல்லின் கை நாற்றுப் பருவத்தோடு ஓய்வதில்லை. மழை விழுவது மேல்மண்ணில்தானே. புல்லைத் தாண்டி வந்த பிறகுதான் அது ஆழத்துக்குப் போக முடியும்.

இந்த அறிவு கைக்கு வரும்போது பழக்கமான சில வேலைகள் வீணானவை என்று தெரிகிறது. அவற்றில் முதலாவது புல்லை வெட்டுவது. கன்றைச் சுற்றிப் புல் உயர்ந்தால் அரிவாளால் அறுத்துவிட்டுக் கன்றைக் காப்பாற்றிய நிறைவோடு போகிறோம். பிரிட்டனின் வனத்துறை ஆணையத்தில் ஆர். ஜே. டேவிஸ் 1980களில் இதைத் தொடர்ந்து சோதித்தார். 1987இல் வந்த அவருடைய கையேடு இதையே மையமாகக் கொண்டது. வெட்டிய புல் நடுவே நின்ற கன்றுகள், வெட்டாத புல் நடுவே நின்றவற்றைவிட நன்றாக வளரவில்லை. சில இடங்களில் இன்னும் மோசமாக இருந்தன. காரணம் எளிது. வெட்டுவது தாளை, குடிப்பது வேர். வெட்டப்பட்ட புல் கதிர் வாங்கி முதிர்வதற்குப் பதிலாக மறுபடி மறுபடி இளந்தாள் விடுகிறது. இளந்தாள் அதிக நீரை ஆவியாக்குகிறது. புல் நடுவே உரம் போட்டால் முதலில் கொழுப்பது புல். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டத்துக்குப் புல்லை வேரோடு ஒழித்தோ கனமான மூடாக்குப் போட்டோ வைத்தால் மட்டுமே தெளிவான பலன் கிடைத்தது.

கலிபோர்னியாவில் டக் மெக்ரியரி போன்றோர் சியரா அடிவார ஆய்வு மையத்தில் பல ஆண்டு நட்டுப் பார்த்து வந்து சேர்ந்த அளவும் இதை ஒட்டியதே: 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்டம், குறைந்தது இரண்டு ஆண்டு. வட்டத்தைச் சுத்தமாக வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. வோல் எனப்படும் புல்வெளி எலிகள் பருந்துக்குப் பயந்து திறந்த மண்ணைக் கடக்கத் தயங்கும். நாற்றின் பட்டை தப்பும். களையெடுக்கும் மாதம் மிக முக்கியம். மே மாதம் புல் மஞ்சளாகிச் சாய்ந்ததைப் பார்த்துவிட்டுப் பிடுங்கப் போகிறவர் நாற்றுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. நீர் ஏற்கெனவே போய்விட்டது. வேலை நடக்க வேண்டியது ஜனவரியில், பிப்ரவரியில், புல் இன்னும் விரல் உயரத்தில் அப்பாவியாகத் தெரியும்போது.

எல்லா ஊரிலும் புல் பறிப்பது நீரைத்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபுவும் ஸ்பென்சர் பிக்கரிங் என்ற வேதியியலாளரும் 1894இல் தொடங்கிய வோபர்ன் பழத்தோட்டத்தில், புல் விதைத்த நிலத்து ஆப்பிள் மரங்கள் குட்டையாக நின்றன. பிக்கரிங் நீரைச் சந்தேகித்தார், சத்தைச் சந்தேகித்தார், பின் ஒரு நுட்பமான சோதனை செய்தார்: துளையிட்ட தட்டுகளில் புல்லை வளர்த்து, வேர் கலக்காதபடி ஆப்பிள் கன்றின் மேல் வைத்து, புல்லைக் கடந்து வந்த நீர் மட்டும் கன்றுக்குப் போகச் செய்தார். அப்போதும் கன்று நலிந்தது. புல் நஞ்சு சுரக்கிறது என்று முடிவுசெய்தார். பின்னால் வந்தவர்கள் பெரும்பங்கை வேறிடத்தில் கண்டார்கள்: புல் மண்ணின் தழைச்சத்தைத் தனக்கென்று வடித்துக்கொள்கிறது, கடந்து வருவது சத்திழந்த நீர். பிக்கரிங்கின் முடிவு தவறாக இருக்கலாம், அவருடைய தட்டுகள் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

கனடாவின் அல்பர்ட்டாவில் புல் பறிப்பது வெப்பம். அங்கே வடகாடுகளில் ஆஸ்பன் மரமும் வெள்ளை ஸ்புரூஸும் கலந்து வளர்கின்றன. காட்டுத் தரையில் நீலக்கணுப் புல் என்றொரு புல், நிழலில் ஆங்காங்கே ஒல்லியாக, தரையடித் தண்டால் பரவி, உயிர்பிடித்துக் கிடக்கும். காட்டை மொட்டையாக வெட்டி மரம் எடுத்ததும் அதற்கு வெயில் கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிலத்தை மூடிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் காயும் தாள், பனி விழுந்ததும் அதன் பாரத்தோடு சாய்ந்து, அடியில் நிற்கும் ஸ்புரூஸ் கன்றை மண்ணோடு அழுத்துகிறது. கன்று வளைந்தே வளர்கிறது, பல முறிகின்றன. ஆண்டுக்காண்டு சேரும் அந்த வைக்கோல் மெத்தை அதைவிடப் பெரிய தீங்கைச் செய்கிறது. குட்டைக் கோடையின் சூடு மண்ணுக்குள் இறங்காமல் அது தடுக்கிறது. அல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தின் விக்டர் லீஃபர்ஸும் டெட் ஹாகும் 1991இல் அளந்து காட்டினார்கள்: புல்லும் அதன் சருகும் மூடிய மண், நீக்கிய மண்ணைவிடக் கோடையில் சில டிகிரி குளிர்ந்திருந்தது, வசந்தத்தில் உறைபனி உருகுவதும் தாமதமானது.

சில டிகிரி என்றால் அங்கே அது பெரிய விஷயம். மண் 5 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் ஸ்புரூஸின் வேர் ஏறக்குறைய வளர்வதேயில்லை. நீரை உறிஞ்சும் திறனும் சரிகிறது. மேலே ஊசியிலைகள் ஜூன் வெயிலில் நீரை இழக்கின்றன, கீழே ஈர மண்ணில் நிற்கும் வேர் அதை ஈடுகட்ட முடியாமல் தவிக்கிறது. தண்ணீருக்கு நடுவே தாகம். நீலக்கணுப் புல்லுக்கோ குளிர்ந்த மண் பழக்கமான வீடு. போட்டியாளனால் தாங்க முடியாத மண்ணைத் தானே உண்டாக்கி, அதில் தான் மட்டும் வாழ்கிறது.

கலிபோர்னிய மருந்து இங்கே அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. களைக்கொல்லி தெளித்தால் புல் சாகும். சருகு மெத்தை அப்படியே கிடந்து குளிரைக் காக்கும். அதனால் இயந்திரத்தால் கீழ்மண்ணைத் தோண்டி மேடு மேடாகக் கவிழ்த்து, மேட்டின் உச்சியில் கன்றை நடும் முறை வந்தது. திறந்த மண்மேடு வெயிலில் சீக்கிரம் சூடேறும். புல்லும் சில ஆண்டு எட்டி நிற்கும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு வேறொன்று. லீஃபர்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் ஒளியை அளந்தபோது தெரியவந்தது அது. திறந்தவெளி ஒளியில் சுமார் 40 சதவீதம் கிடைத்தாலே வெள்ளை ஸ்புரூஸ் கன்று ஏறக்குறைய முழு வேகத்தில் உயரும். அதே ஒளியில் நீலக்கணுப் புல் வெகுவாக நலிந்துவிடும். 10 சதவீதத்தில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போகும். அந்த 40 சதவீத ஒளியைத் தருவது ஆஸ்பனின் மெல்லிய விதானம். வடகாடு தன் போக்கில் செய்துவந்ததும் இதையே: முதலில் ஆஸ்பன், அதன் நிழலில் மெதுவாக ஸ்புரூஸ். மொட்டையடிப்பு இந்த வரிசையைக் குலைத்தது. ஆஸ்பனை மறுபடி வரவழைப்பதும் அப்போது எளிதல்ல. அதன் வேர்க்கன்று துளிர்ப்பதற்கும் சூடான மண் வேண்டும், புல் முந்திக்கொண்ட இடத்தில் அதுவும் குறைகிறது.

ஆகவே நிற்கும் ஆஸ்பனை உடனே வெட்டாமல், அதன் அடியில் ஸ்புரூஸை நட்டு, பல ஆண்டு கழித்து, கன்றுகள் முறியாதபடி பாதை வகுத்து ஆஸ்பனை மட்டும் எடுக்கும் முறையை அல்பர்ட்டாவில் முயன்றிருக்கிறார்கள். இரண்டு முறை இயந்திரம் கொண்டுபோக வேண்டும், ஓட்டுநருக்குப் பொறுமை வேண்டும், ஆஸ்பனைத் திடீரென நீக்கினால் காற்றில் ஸ்புரூஸ் சாயும் ஆபத்தும் உண்டு. மொட்டையடித்து நட்டுத் தெளித்துவிட்டுப் போவது கணக்குப்புத்தகத்தில் மலிவாகத் தெரியும். புல்லுக்கடியில் வளராமல் நின்ற கன்றின் ஆண்டுகளுக்கு அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது. அந்தப் பத்தியையும் சேர்த்துக் கூட்டினால் நிழலை விட்டுவைப்பதே மலிவு என்று நான் நினைக்கிறேன்.